சேப்பாக்கத்து வெயிலில் அடித்த நூறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் அணைக்குப் போகிற பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள். காய்ந்து விழுந்த தென்னை மட்டையைச் செதுக்கி, கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் பேட் தயார். எட்டு ஓவரோ பத்து ஓவரோ, அதற்குள் வெளிச்சம் போய்விடும். முப்பது ரன் அடித்தவன்தான் அன்றைக்கு ஊருக்கே நாயகன். அந்த ஆட்டத்தில் யாருக்கும் நூறு அடிக்க நேரம் இருக்காது. நூறு என்பது டிரான்சிஸ்டரில் கேட்கிற சங்கதி.

அந்த நூறு விழுகிற இடம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேப்பாக்கம். 1916-லிருந்து இருக்கும் மைதானம். நாட்டின் பழைமையான கிரிக்கெட் மைதானங்களில் ஒன்று. எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம் என்று பெயர் வைத்த பிறகும் ஜனங்களுக்கு அது சேப்பாக்கம்தான்.

இங்கே அடித்த சதங்களை வரிசைப்படுத்தினால் நீளமான பட்டியல் கிடைக்கும். ஆனால், அந்தப் பட்டியலில் ஒரு விஷயம் தெரியாது. சேப்பாக்கத்தில் நூறு அடித்த பலருக்கு ஸ்கோர்போர்டு காட்டியது பாதிக் கதைதான். மீதியை அவர்களின் உடம்பு சொன்னது.

எட்டு மணி நேரம்

1986 செப்டம்பர் 18. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் சேப்பாக்கத்தில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் மூன்றாவது ஆட்டக்காரராக இறங்கியவர் டீன் ஜோன்ஸ். வயது 25. அதற்கு முன் இரண்டே டெஸ்ட் ஆடியவர். மெல்போர்ன்காரருக்கு அந்த வெயில் புதிது; அந்தப் புழுக்கம் அதைவிடப் புதிது. பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். அதன் நாற்றத்தைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே பேசியிருக்கிறார்.

நூறைத் தாண்டிய பிறகு அவருக்கு உடம்பு கைகொடுக்கவில்லை. கால் தசைகள் பிடித்துக்கொண்டன. ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். ஓட முடியாமல் நின்ற இடத்திலிருந்தே பவுண்டரி அடிக்கத் தொடங்கினார். இனி முடியாது, வெளியேறிவிடுகிறேன் என்று எதிர்முனையில் நின்ற கேப்டன் ஆலன் பார்டரிடம் சொன்னார். பார்டர் ஆறுதல் சொல்லவில்லை. முடியாவிட்டால் போ, குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு தைரியசாலியைக் கூட்டிவருகிறேன் என்கிற அர்த்தத்தில் குத்திப் பேசினார். ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்துக்காரர். ரோஷம் வந்துவிட்டது. நின்று ஆடினார்.

எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆடி 210 ரன். அவுட்டான பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுகோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அதே இன்னிங்ஸில் டேவிட் பூன் 122, பார்டர் 106. ஆஸ்திரேலியா 574. இந்தியா ஃபாலோ-ஆன் ஆகிவிடும் என்ற நிலையில் கேப்டன் கபில்தேவ் 119 அடித்து மானத்தைக் காப்பாற்றினார்.

கடைசி நாள் 348 எடுத்தால் வெற்றி. கவாஸ்கர் 90. கடைசி ஓவரில் ஒரே விக்கெட் மிச்சம், நாலு ரன் தேவை. ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். ஒரு பந்து பாக்கி இருக்கும்போது மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய கிரெக் மேத்யூஸ் மொத்தம் பத்து விக்கெட் எடுத்திருந்தார். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1960-ல் பிரிஸ்பேனில், ஆட்டம் டையில் முடிந்திருந்தது. இது இரண்டாவது. அதற்குப் பிறகு இன்னொரு டை வந்ததில்லை.

ஜோன்ஸ் அதற்குப் பின் நிறைய ஆடினார். ஆனாலும் 2020 செப்டம்பரில் மும்பையில் அவர் காலமானபோது எல்லோரும் முதலில் நினைத்தது சேப்பாக்கத்தைத்தான்.

வேர்வை காயாத மைதானம்

ராஜபாளையத்தில் அடிக்காத வெயிலா என்று கேட்கலாம். அடிக்கும். ஆனால், மலையடிவாரத்தில் காற்று ஓரளவு வறண்டிருக்கும். வேர்த்தால் காற்று பட்டுக் காயும். காய்கிறபோது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அதுதான்.

சேப்பாக்கத்துக்கு வெகு அருகில் மெரினா கடற்கரை. காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருப்பதால் வேர்வை காய்வதில்லை, வழிகிறது. உடம்புச் சூடு இறங்காது. இறங்கவில்லை என்பதால் உடம்பு மேலும் வேர்க்கும். வேர்வையோடு உப்பும் போய்விடும். பேட், கால்காப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒருவர் நாலைந்து மணி நேரம் ஓடினால் தசை பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால்தான் உயிர் வரும். அதற்குள் பாதி நாள் போயிருக்கும்.

போதாததற்கு ஆடுகளம் வேறு. நாள் ஆக ஆக வெடித்து, பந்து திரும்பும். கவனம் ஒரு நொடி தப்பினால் ஸ்லிப்பில் கேட்ச். களைத்த உடம்போடு அந்தக் கவனத்தைக் காப்பாற்றுவதுதான் இங்கே நூறு அடிப்பதன் நிஜமான கஷ்டம்.

முதல் நூறும் நழுவிய நூறும்

சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரியில் நடந்தது. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியின் தொடக்க ஆட்டக்காரர் சிரில் வால்டர்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 102 அடித்தார். இந்த மண்ணில் விழுந்த முதல் டெஸ்ட் சதம் அதுதான். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையிலும் அது ஒன்றே ஒன்று.

1949 ஜனவரியில் வந்த வெஸ்ட் இண்டீஸுக்கு ஆலன் ரே 109, ஜெஃப் ஸ்டால்மேயர் 160. ஆனால், அந்த ஆட்டத்தில் ரசிகர்கள் மறக்காதது அடிக்காத ஒரு சதத்தை. எவர்டன் வீக்ஸ் அதற்கு முந்தைய ஐந்து இன்னிங்ஸிலும் தொடர்ந்து ஐந்து சதம் அடித்துவிட்டு வந்திருந்தார். சேப்பாக்கத்தில் ஆறாவது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். 90-ல் ரன் அவுட். நடுவரின் அந்தத் தீர்ப்பு சரியா என்ற சர்ச்சை வெகுகாலம் ஓயவில்லை. தொடர்ந்து ஐந்து என்ற அவருடைய சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

இந்தியரின் சதத்துக்கு 1952 பிப்ரவரி வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்துக்கு எதிரான அந்த டெஸ்ட்டில் பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பன்னிரண்டு விக்கெட். இந்தியா தன் 25-வது டெஸ்ட்டில் முதன்முதலாக ஜெயித்தது. இருபது வருடக் காத்திருப்பு சேப்பாக்கத்தில் முடிந்தது.

மன்கட்டும் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்ததும் சென்னையில்தான். ஆனால், சேப்பாக்கத்தில் அல்ல. 1956 ஜனவரியில் அந்த ஆட்டம் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்றைய நேரு விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில். கொஞ்ச காலம் டெஸ்ட் அங்கே போயிருந்தது. 1967 ஜனவரியில் சேப்பாக்கத்துக்குத் திரும்பியபோது, முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் ஃபரூக் இன்ஜினியர் 94 ரன் அடித்துவிட்டார். பிறகு 109-ல் அவுட். அதே இன்னிங்ஸில் சந்து போர்டே 125.

பொங்கல் டெஸ்ட்

ஜனவரியில் நடந்த ஆட்டங்களுக்குப் பொங்கல் டெஸ்ட் என்று பெயர். வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். தூக்குவாளியில் புளியோதரையும் தயிர்சாதமுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை குண்டப்பா விஸ்வநாத். 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டைச் சாய்த்தார். இந்தியா மொத்தமே 190. அதில் விஸ்வநாத் 97. மறுமுனையில் ஆள் தீர்ந்துவிட்டதால் நூறுக்கு மூன்று ரன் இருக்கும்போது ஆட்டமிழக்காமல் திரும்பினார். அந்த டெஸ்ட்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. சேப்பாக்கத்தின் ஆகச்சிறந்த இன்னிங்ஸ் எது என்று பழைய ரசிகர்களைக் கேட்டால், பலர் சதங்களை விட்டுவிட்டு இந்த 97-ஐச் சொல்வார்கள்.

விஸ்வநாத் அந்த மூன்று ரன்னை வட்டியும் முதலுமாகத் தீர்த்தார். 1979-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 124. 1982-ல் இங்கிலாந்துக்கு எதிராக 222. யஷ்பால் சர்மாவோடு சேர்ந்து இரண்டாம் நாள் முழுக்க ஆடினார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு விக்கெட்கூட விழவில்லை. யஷ்பால் 140.

அதே 1982 செப்டம்பரில் இந்தியாவும் இலங்கையும் முதன்முதலாக டெஸ்ட்டில் சந்தித்தன. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. சுனில் கவாஸ்கர் 155, சந்தீப் பாட்டீல் 114 என்று இந்தியா குவித்தது. ஆனால், கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் தலீப் மெண்டிஸ். முதல் இன்னிங்ஸில் 105. இரண்டாவதிலும் அதே 105. புதிதாக வந்த பையன்கள் என்று நினைத்தவர்கள், கைதட்டிவிட்டு வீடு திரும்பினார்கள்.

அடுத்த வருடக் கடைசியில் கவாஸ்கரின் முறை. 1983 டிசம்பர். எதிரே மால்கம் மார்ஷல். தொடக்க ஆட்டக்காரராகவே ஆடிவந்த கவாஸ்கர் இந்த முறை நான்காவதாக இறங்குவது என்று முடிவு. அவர் களத்துக்கு வந்தபோது ஸ்கோர் பூஜ்யத்துக்கு இரண்டு விக்கெட். எந்த இடத்தில் இறங்கினாலும் உனக்கு ஸ்கோர் பூஜ்யம்தான் என்று விவியன் ரிச்சர்ட்ஸ் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அங்கிருந்து ஆட்டமிழக்காமல் 236. அது அவருடைய முப்பதாவது டெஸ்ட் சதம். டான் பிராட்மேனின் 29-ஐத் தாண்டிய சதம். ஓர் இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக அதுவரை இருந்தது மன்கட்டின் 231. சென்னையின் ஒரு மைதானத்தில் எழுதிய சாதனை, சென்னையின் இன்னொரு மைதானத்தில் அழிந்தது.

சொந்த ஊர்க்காரரின் சதம்

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டிய சேப்பாக்கத்துக்கு ஓர் ஏக்கம் இருந்தது. தமிழ்நாட்டு வீரர் ஒருவர் இங்கே டெஸ்ட் சதம் அடிக்க வேண்டும். 1934-லிருந்து கணக்கு வைத்தால் அரை நூற்றாண்டுக்கும் மேல் அது நடக்கவில்லை.

1987 பிப்ரவரியில் பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் ஆட்டமிழக்காமல் 135 அடித்தார். பதிலுக்குக் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 123. மூக்கைச் சுருக்குவார், லெக் திசையில் நாலடி நடந்துவிட்டு வருவார், அடுத்த பந்தை வேலிக்கு அனுப்புவார். நிதானமாக ஆடு என்று வீட்டுப் பெரியவர்கள் டிவியைப் பார்த்துக் கெஞ்சுகிற ஆள். அவர்தான் அந்த ஏக்கத்தைத் தீர்த்தார். அடுத்த தமிழ்நாட்டு வீரர் வருவதற்கு இன்னும் 34 வருடம் ஆகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டம். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் மார்ஷ் 110 அடித்தார். இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஜோன்ஸ் அடித்த ஒரு பந்தை முதலில் நாலு என்று அறிவித்திருந்தார்கள். அது ஆறு என்று ஆஸ்திரேலியர்கள் சொன்னதைக் கபில்தேவ் இன்னிங்ஸ் இடைவேளையில் ஏற்றுக்கொண்டார். கூடிய ரன் இரண்டு. தோற்ற வித்தியாசம் ஒன்று.

எதிரிக்கும் எழுந்து நின்றார்கள்

1997 மே 21. அக்கினி நட்சத்திரக் காலம். சுதந்திரப் பொன்விழாக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும். சயீத் அன்வருக்கு ஆட்டத்தின் நடுவிலேயே தசைப்பிடிப்பு. அவருக்காக ஓட ஷாகித் அஃப்ரிதி வந்தார். இந்திய கேப்டன் சச்சின் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஓடுகிற வேலை இல்லாத அன்வர் நின்றபடியே விளாசினார். அனில் கும்ப்ளேவின் ஒரே ஓவரில் அடுத்தடுத்து மூன்று சிக்ஸர். ஒருநாள் போட்டியின் அதிகபட்சமாக இருந்த விவியன் ரிச்சர்ட்ஸின் 189-ஐத் தாண்டினார். இருநூறுக்கு ஆறு ரன் இருக்கும்போது சச்சின் பந்தில் கங்குலி கேட்ச் பிடித்தார்.

194 ரன்னோடு நடந்து போனவருக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பதிலுக்கு ராகுல் திராவிட் தன் முதல் ஒருநாள் சதத்தை, 107-ஐ அடித்தும் இந்தியா தோற்றது.

பதினேழு ரன் தூரம்

சச்சின் டெண்டுல்கர் சேப்பாக்கத்தில் ஐந்து டெஸ்ட் சதம் அடித்திருக்கிறார். 1993-ல் 165, சொந்த நாட்டில் அவருடைய முதல் டெஸ்ட் சதம். 1998-ல் ஷேன் வார்னேவைத் துவம்சம் செய்த 155. 2001-ல் 126, ஹர்பஜன் பதினைந்து விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை வென்ற ஆட்டம். மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று கேள்வியும் பதிலும் மாதிரி.

கேள்வி, 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக 271 எடுக்க வேண்டும். அஃப்ரிதி அடித்த 141-தான் இலக்கை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தது. இந்தியா 82-க்கு ஐந்து விக்கெட். சச்சின் நின்றார். நடுவில் முதுகுவலி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் முகம் சுருங்கியது. வலி தாங்காமல் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார். சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் பிடித்தார். 136. இன்னும் தேவை பதினேழு ரன். கையில் மூன்று விக்கெட். நாலு ரன்னுக்குள் மூன்றும் போயின. பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

சில நொடி மயான அமைதி. பிறகு கைதட்டல் எழுந்தது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று அவர்களை வாழ்த்தியது. ஆட்ட நாயகன் விருதை வாங்க சச்சின் வெளியே வரவில்லை.

பதில், 2008 டிசம்பர் 15. மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தாயகம் திரும்பிவிட்ட இங்கிலாந்து அணி மறுபடி வந்திருந்தது. அகமதாபாத்தில் நடக்க வேண்டிய டெஸ்ட் சென்னைக்கு மாறியது. ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். இந்தியாவுக்கு இலக்கு 387. வீரேந்தர் சேவாக் 68 பந்தில் 83 அடித்து வாசலைத் திறந்துவிட்டார். கடைசி நாள் சச்சினும் யுவராஜும் கடைசிவரை பிரியவில்லை. பந்தை மெல்லத் திருப்பிவிட்டு நாலு ரன். அதே அடியில் சதம், அதே அடியில் வெற்றி. ஆட்டமிழக்காமல் 103. அதை மும்பை மக்களுக்குச் சமர்ப்பித்தார் அந்த மும்பைக்காரர். பதினேழு ரன் பாக்கி, ஒன்பது வருடம் கழித்துத் தீர்ந்தது.

முந்நூறும், உடம்பு மறந்தவர்களும்

இந்திய மண்ணில் இந்தியர் அடித்த டெஸ்ட் முச்சதங்கள் இரண்டுதான். இரண்டும் சேப்பாக்கத்தில். 2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சேவாக் 319. 278 பந்தில் முந்நூறைத் தொட்டார். ஒரே நாளில் அவர் மட்டும் 257 ரன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைச் சாய்த்துவிட்டுப் போன சில நாட்களில் இங்கிலாந்து டெஸ்ட். கே.எல்.ராகுல் 199-ல் அவுட்டாகித் தலையில் கை வைத்தார். கருண் நாயர் தன் முதல் சதத்தையே முச்சதமாக்கினார்: ஆட்டமிழக்காமல் 303. அவருக்கு முன் அப்படிச் செய்தவர்கள் சோபர்ஸும் பாப் சிம்சனும் மட்டுமே.

2011 மார்ச் 20. உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக யுவராஜ் சிங் 113. களத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தார். வெயிலால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். உலகக் கோப்பை கைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வெயில் கேட்கிற விலை ஒன்று. நோய் கேட்கிற விலை வேறு. அந்த நாளில் இரண்டையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லை.

2012 டிசம்பர் 30-ல் பாகிஸ்தானுக்கு எதிராக 29-க்கு ஐந்து விக்கெட். மகேந்திர சிங் தோனி கால் பிடிப்போடு ஆட்டமிழக்காமல் 113 அடித்தார். கூட நின்றவர் ரவிச்சந்திரன் அஸ்வின். ஆட்டம் தோற்றது. அடுத்த இரண்டு மாதத்தில் அதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக தோனி 224.

காலி நாற்காலிகளும் விசில் சத்தமும்

2021 பிப்ரவரி. கொரோனா காலம். முதல் டெஸ்ட்டுக்கு ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. தன் நூறாவது டெஸ்ட்டில் ஜோ ரூட் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தபோது, ஓடிவந்து காலை நீட்டிப் பிடித்துவிட்டவர் எதிரணி கேப்டன் விராட் கோலி. ரூட் சிக்ஸர் அடித்து இருநூறைத் தொட்டு 218 எடுத்தார். நூறாவது டெஸ்ட்டில் இரட்டைச் சதம் அடித்த முதல் ஆள். கைதட்ட நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

அடுத்த டெஸ்ட்டுக்குப் பாதிக் கூட்டத்தை அனுமதித்தார்கள். ரோகித் சர்மா 161. பந்து பம்பரமாகச் சுழன்ற ஆடுகளம். இரண்டாவது இன்னிங்ஸில் 106-க்கு ஆறு விக்கெட் போனபோது உள்ளே வந்தார் சென்னைப் பையன் அஸ்வின். ஒன்பது விக்கெட் விழுந்த பிறகும் சதம் வரவில்லை. கடைசி ஆளாக வந்த முகமது சிராஜ் தாக்குப்பிடித்தார். அஸ்வின் நூறைத் தொட்டதும் அவரைவிட அதிகமாகக் குதித்தவர் சிராஜ். விசில் சத்தத்தில் பாதிக் கூட்டம் முழுக் கூட்டமாகத் தெரிந்தது. ஸ்ரீகாந்துக்குப் பிறகு 34 வருடம்.

2024 ஜூன் 28. பெண்கள் டெஸ்ட், எதிரே தென்னாப்பிரிக்கா. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. முதல் விக்கெட்டுக்கு 292. ஷஃபாலி 194 பந்தில் இருநூறைத் தொட்டது பெண்கள் டெஸ்ட்டில் புதிய வேகம். முதல் நாள் முடிவில் இந்தியா 525. ஆண்கள் டெஸ்ட்டையும் சேர்த்து, ஒரே நாளில் ஓர் அணி அதுவரை எடுக்காத ரன். ஃபாலோ-ஆன் ஆகியும் சளைக்காமல் லாரா வோல்வார்ட் 122, சுனே லூஸ் 109 அடித்தார்கள். தோற்கிற அணியின் சதத்துக்கும் சேப்பாக்கத்தில் மரியாதை உண்டு.

அதே ஆண்டு செப்டம்பர் 19. வங்கதேசத்துக்கு எதிராக 144-க்கு ஆறு. மறுபடி அஸ்வின். ரவீந்திர ஜடேஜாவோடு 199 ரன் சேர்த்து 113 அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். அதே டெஸ்ட்டில் ஷுப்மன் கில் ஆட்டமிழக்காமல் 119. ரிஷப் பந்த் 109. கார் விபத்தில் உயிர் தப்பி, மீண்டும் நடப்பாரா என்று கேட்ட நிலையிலிருந்து எழுந்து வந்து பந்த் ஆடிய முதல் டெஸ்ட் அது. மூன்று மாதத்தில் அஸ்வின் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார். சொந்த ஊரில் ஆடிய கடைசி டெஸ்ட் அதுவென்று அன்றைக்குக் கைதட்டியவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு 97

2023 அக்டோபர் 8. உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு ரன்னுக்கு மூன்று விக்கெட். அந்தப் புழுக்கத்தில் ஐம்பது ஓவர் கீப்பிங் செய்துவிட்டு, குளித்து உட்கார்வதற்குள் கே.எல்.ராகுல் பேட்டோடு வர வேண்டியிருந்தது. கோலியோடு சேர்ந்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். கடைசியில் வெற்றிக்கு ஐந்து ரன், சதத்துக்கு ஒன்பது ரன். முதலில் ஒரு நாலு, பிறகு ஒரு ஆறு என்று மனக்கணக்கு. ஆனால், அடித்த பந்து நேராக சிக்ஸருக்குப் போய்விட்டது. வெற்றி, ஆட்டமிழக்காமல் 97. ராகுல் பேட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, போன பந்தையே பார்த்தார். விஸ்வநாத் விட்ட அதே மூன்று ரன். அதே மைதானம்.

அன்றைக்குப் பிளவக்கல் பக்கத்தில் ஏதோ ஒரு தோப்பில் பையன்கள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். பத்து ஓவர் ஆட்டத்தில் நூறு வராது. அணி ஜெயித்ததா, கடைசிவரை நின்றாயா என்பதுதான் அங்கே கேள்வி. சேப்பாக்கம் தொண்ணூறு வருடமாகக் கேட்பதும் அதைத்தான்.